செர்த்தா, ஷித்தெத்லியா? துருக்கியின் கடுஞ்சொற்கள்

2025 பிப்ரவரி 3, காலை 10.12 (வாசகர் கேள்வி)

துருக்கி அகராதியில் ‘செர்த்’ என்று தேடினால் ஆங்கிலத்தில் ஹார்டு, ஹார்ஷ், ஸ்ட்ராங், சிவியர் என்று வருகிறது. ‘ஷித்தெத்லி’ என்று தேடினாலும் சிவியர், ஸ்ட்ராங், ஹார்ஷ், வயலன்ட். ஒன்று பேச்சு வழக்கு, இன்னொன்று அரபியிலிருந்து வந்த ஏட்டுச் சொல், மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்பது என் கணிப்பு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் அவசரம்.

பிப்ரவரி 3, இரவு 9.40

கணிப்பு தப்பு. ஷித்தெத் அரபிச் சொல்தான், ஆனால் ஏட்டில் தூங்குகிற சொல் இல்லை. தலைவலிக்கும் மழைக்கும் தினமும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் கரூர்க்காரன். 2011 முதல் 2013 வரை துருக்கியின் தெனிஸ்லி நகரில் ஒரு குளியல் துண்டு ஆலையின் சாயப் பிரிவில் வேலை. படித்துக் கற்ற துருக்கி அல்ல, திட்டு வாங்கிக் கற்ற துருக்கி. அந்த அளவில் சொல்கிறேன்.

செர்த் என்பது ஒரு பொருளின் குணம். செர்த் காப்பி, செர்த் தண்ணீர், செர்த் முகம், செர்த் வாத்தியார். ஷித்தெத்லி என்பது நடக்கிற ஒன்றின் அளவு. ஷித்தெத்லி மழை, ஷித்தெத்லி வலி, ஷித்தெத்லி சண்டை. தொட முடிந்தால் செர்த், நிகழ்ந்தால் ஷித்தெத்லி. இந்த ஒரு வரியை வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஆங்கில அகராதி குழப்புவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்த்து அடைமொழியை மாற்றும். மழை என்றால் ஹெவி, வலி என்றால் சிவியர், காப்பி என்றால் ஸ்ட்ராங், தண்டனை என்றால் ஹார்ஷ். அகராதிக்காரர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். நமக்குத் தமிழ் வழியாகவே போவது சுலபம்.

பிப்ரவரி 4, காலை 6.15

ராத்திரி எழுதிய அந்த ஒரு வரி விதி தூக்கத்திலேயே உடைந்துவிட்டது.

காற்றைத் தொட முடியுமா? ஆனால் துருக்கியில் ‘செர்த் ருஸ்கார்’ உண்டு. அதுவும் பேச்சுக்குச் சொல்வது இல்லை, வானிலைத் துறைக் கணக்கு. போஃபர்ட் அளவுகோலில் சுழியத்திலிருந்து 12 வரை படிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஐந்தாம் படிக்குப் பெயர் செர்த் காற்று. மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். அதே ஐந்தாம் படிக்கு ஆங்கிலப் பெயர் என்ன தெரியுமா? ஃப்ரெஷ் ப்ரீஸ்! ஒரே காற்று. ஒருவருக்கு முகத்தில் அறைகிறது, இன்னொருவருக்குப் புத்துணர்ச்சி தருகிறது. இங்கிலாந்துக் கடலோடிகளுக்குத் தோல் தடிப்பு போல.

மூன்றாம் படிக்குத் துருக்கியில் ‘தத்லு’ காற்று. தத்லு என்றால் இனிப்பு. பலகாரக் கடையில் கேட்கிற அதே தத்லு.

அப்புறம் செர்த் அறிக்கை, செர்த் விவாதம், பங்குச் சந்தையில் செர்த் சரிவு. எதையும் தொட முடியாது. ஆகவே விதியைத் திருத்துகிறேன். வளைந்து கொடுக்காமல் மேலே வந்து மோதுவது செர்த். அளவு மிஞ்சிப் போனது ஷித்தெத்லி. இதுவும் எத்தனை நாள் தாங்குமோ.

பிப்ரவரி 4, மதியம் 1.30

துருக்கிச் சொற்களைத் தமிழில் எழுதினால் உச்சரிப்பு கெடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கெடும்தான். ஆனால் ஓர் இடத்தில் நமக்கு அதிர்ஷ்டம். துருக்கியில் மேலே புள்ளி வைக்காத ஐ என்று ஓர் எழுத்து உண்டு. ஆங்கிலேயருக்கு அது வாயில் நுழையாது. நமக்கோ பால் குடித்த நாளிலிருந்து பழக்கம்: ‘பந்து’, ‘காசு’ என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம் அதுதான். எனவே அந்த இடங்களில் உகரம் போட்டிருக்கிறேன். ‘தத்லு’வை ‘பந்து’ மாதிரி சொன்னால் போதும்.

துரதிர்ஷ்டமும் உண்டு. புத்தகம் ‘கிதாப்’. ‘புத்தகத்தை’ என்று சொல்லும்போது கடைசி எழுத்து மெலிந்து ‘கிதாபு’. இரண்டு பகரத்துக்கும் நம் எழுத்து ஒன்றே என்பதால் அந்த மெலிவை இங்கே காட்ட வழியில்லை. அப்படி மெலிவதற்கு அவர்கள் இலக்கணத்தில் வைத்த பெயர் ‘மென்மையாதல்’. எதிர்த்திசையில் போனால் ‘செர்த் ஆதல்’. ஆமாம், மெய்யெழுத்துகளைக்கூடச் செர்த் என்றும் மென்மை என்றும்தான் பிரிக்கிறார்கள்! நம் வல்லினம், மெல்லினம் போலவே. நம் மெல்லினம் மூக்கொலி, அவர்கள் மெல்லினம் வேறு, அது தனிக் கதை. நமக்கு கசடதபற ஆறு. அவர்களுக்குச் செர்த் மெய்கள் எட்டு. அதை நினைவில் வைக்கப் பள்ளிக்கூடத்தில் ‘ஃபுஸ்துக்ச்சு ஷாஹாப்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிஸ்தா விற்கிற ஷாஹாப். அந்தப் பெயரின் மெய்களை எடுத்தால் எட்டும் வந்துவிடும்.

பிப்ரவரி 4, இரவு 11.05

அந்த ‘கொஞ்சம் அவசரம்’ எதற்கு என்று கேள்வி கேட்டவர் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, காலை 7.50

துருக்கி நிலநடுக்கம் நடந்து இன்றைக்கு இரண்டு வருடம். 2023 பிப்ரவரி 6 விடியற்காலை 4.17க்கு முதல் அதிர்வு, மதியம் 1.24க்கு அடுத்தது. துருக்கி அரசின் கணக்கில் 7.7, 7.6. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் போனார்கள். தெனிஸ்லி மேற்கே தூரத்தில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மாமியார் வீடு நிலநடுக்கம் தாக்கிய ஹதாய் மாகாணத்தில். மேலே எழுதவில்லை.

சொல்லைப் பற்றி மட்டும். நிலநடுக்கத்துக்குத் துருக்கியில் இரண்டு அளவுகள். ‘புயுக்லுக்’, அதாவது பெருமை, பெரிய தன்மை. இன்னொன்று ‘ஷித்தெத்’. 7.7 என்பது புயுக்லுக். ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் எண்தான், எங்கிருந்து பார்த்தாலும் அதேதான். ஷித்தெத் ஊருக்கு ஊர் மாறும். சுவர் விரிந்ததா, கட்டடம் விழுந்ததா, மனிதர் நிற்க முடிந்ததா என்று பார்த்து 12 படிகளில் சொல்வது. டிவியில் ‘7.7 ஷித்தெத்தில்’ என்று சொன்னால் புவியியல்காரர்களுக்குக் கோபம் வரும். 1999 கோல்ஜுக் நிலநடுக்கத்திலிருந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், வாசிப்பவர்கள் தவறிக்கொண்டே இருக்கிறார்கள். நம் செய்திகளில் எல்லாவற்றுக்கும் ரிக்டர் என்று போடுவதுபோல.

இங்கே என் இரண்டாவது விதி தாங்குகிறது. ஷித்தெத் என்பது உணரப்பட்ட அளவு.

பிப்ரவரி 6, இரவு 10.20

காலையில் எழுதியதன் தொடர்ச்சி. ஷித்தெத் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு, அதை விட்டுவிட்டேன். தனியாக நின்றால் அதற்கு வன்முறை என்றே பொருள். மருத்துவமனைச் சுவரில், பேருந்து நிலையத்தில், ‘பெண்ணுக்கு எதிரான ஷித்தெத்’ என்று சுவரொட்டி பார்க்கலாம். 2012இல் வந்த 6284ஆம் எண் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இதில் முரண் ஒன்று: 2011இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தாகி அந்த ஊர்ப் பெயரையே கொண்ட, பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதற்கான ஒப்பந்தத்திலிருந்து துருக்கி 2021இல் வெளியேறியது. சட்டம் மட்டும் நிற்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மழையின் மிகுதிக்கும் மனைவியை அடிப்பதற்கும் ஒரே சொல் என்பது முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆங்கிலத்தில் இன்டென்சிட்டி வேறு, வயலன்ஸ் வேறு என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அங்கே ஓர் அரசியல்வாதி பேசியதைக் கேட்டபோதுதான் உறைத்தது. ‘ஷித்தெதி ஷித்தெத்லெ குனுயோருஸ்’ என்றார். அறையில் இருந்த துருக்கியர் எல்லாம் சிரித்தார்கள். இது அங்கே ரொம்ப நாளாக ஓடுகிற கேலி வசனம். ஆங்கிலத்தில் பெயர்த்தால் சிரிப்பு செத்துவிடும்: வயலன்ஸை ஸ்ட்ராங்காகக் கண்டிக்கிறோம், அவ்வளவுதான். தமிழில் சொல்லிப் பாருங்கள்.

வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஒரு சிரிப்பும் சிந்தவில்லை! நம் தலைவர்கள் இதைத் தினமும் சொல்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. வல் என்ற ஒரே வேரிலிருந்து வல்லமை, வன்மை, வன்சொல், வன்முறை. இதே மாதிரி தீவிர சிகிச்சைப் பிரிவும் தீவிரவாதியும். மருத்துவமனையில் அந்தப் பலகையைப் பார்க்கும்போது யாருக்கும் வெடிகுண்டு ஞாபகம் வருவதில்லை.

துருக்கியில் தீவிர சிகிச்சை ‘யோவுன் பாகும்’. யோவுன் என்றால் அடர்த்தி. அடர்ந்த பராமரிப்பு. வேலை அதிகம் என்று சொல்லவும் அதுதான்: ‘யோவுனும்’, நான் அடர்த்தியாக இருக்கிறேன்.

பிப்ரவரி 8, மாலை 4.45

யோவுன் பற்றி ஒரு சிறு குறிப்பு. அந்த இடத்தில் முன்பு ‘கெசிஃப்’ என்ற அரபிச் சொல் இருந்தது. 1932இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் மொழிக் கழகம் தொடங்கிய பிறகு அரபி, பாரசீகச் சொற்களைக் களையெடுத்தார்கள். நம் தனித்தமிழ் இயக்கத்துக்கு 16 வருடம் பிந்தியது, ஆனால் அரசே நடத்தியதால் வேகம் அதிகம். கெசிஃப் போய்விட்டது. ஷித்தெத் போகவே இல்லை. நம் ‘தீவிரம்’ போகாததைப் போல. முரட்டுச் சொற்கள் லேசில் இடம் விடுவதில்லை என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 9, காலை 9.00

ஞாயிறு. வேறு வேலை இல்லை. ‘அஜு’ கதையைச் சொல்கிறேன்.

அஜு என்றால் கசப்பு. காரமும் அஜு. வலியும் அஜு. துக்கமும் அஜு. காரமான மிளகாய், கசக்கும் வாதுமை, சாவுச் செய்தி, மூன்றுக்கும் ஒரே அடைமொழி. ஓட்டுநர் கிரீச்சென்று போடும் பிரேக்குக்குக்கூட ‘அஜு ஃபிரென்’ என்று பெயர். இனிப்பு, புளிப்பு, உப்பு தவிர்த்து நாக்கைத் தண்டிக்கிற எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள்.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவை ‘தெய்ஸெ’ என்று கூப்பிடுவேன், சித்தி, பெரியம்மா மாதிரி. போன முதல் மாதம், இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். கரூர்க்காரனுக்குக் காரமா என்று அலட்சியமாக, தட்டோரத்தில் இருந்த ஊறுகாய் மிளகாயை முழுசாகக் கடித்தேன். கண்ணிலிருந்து கொட்டுகிறது. ‘காரம்’ என்று சொல்ல வேண்டும். தெரிந்த இலக்கணத்தைக் கூட்டி ‘அஜும் வார்’ என்றேன். ‘எனக்கு அஜு இருக்கிறது.’

தெய்ஸெ கரண்டியை வைத்துவிட்டார். எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு ‘பாஷுன் சா ஒல்சுன்’ என்றார். உன் தலை நலமாக இருக்கட்டும். அது சாவு வீட்டில் சொல்கிற சொல். ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது, பையன் இத்தனை நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். யார், அம்மாவா அப்பாவா என்று கேட்கிறார். நான் மிளகாயைக் காட்டுகிறேன். அவருக்குப் புரியவில்லை. மிளகாயைப் பார்த்து மறுபடி அழுகிறானே!

பிப்ரவரி 9, மதியம் 12.30

சிரித்தவர்களுக்கு நன்றி. இதன் மறுபக்கமும் உண்டு. ‘அஜுலு’ என்றால் அஜு சேர்ந்தது. அதானா கெபாப் அஜுலு, உர்ஃபா கெபாப் அஜு இல்லாதது, கடையில் இது அடிப்படைப் பாடம். செய்தித்தாளில் ‘அஜுலு ஆயிலெ’ என்று வந்தால் துயரத்தில் இருக்கும் குடும்பம். மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒருமுறை எனக்கு அதைக் ‘காரமான குடும்பம்’ என்று கொடுத்தது.

‘தோஸ்த் அஜு சொய்லெர்’ என்று ஒரு பழமொழி. நண்பன் அஜுவாகத்தான் பேசுவான். இங்கே கசப்பாகவா, காரமாகவா, வலிக்கவா? தெய்ஸெயிடம் கேட்டேன். ‘அஜுவாக’ என்றார்.

பிப்ரவரி 11, இரவு 8.10

முதல் நாள் ‘தமிழ் வழியாகவே போவது சுலபம்’ என்று பெருமையாக எழுதினேன். ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார்: கடுங்காப்பி, கடும் மழை, கடுஞ்சொல், கடுந்தவம், கடும் போட்டி. எல்லாவற்றுக்கும் நாம் ‘கடு’தானே போடுகிறோம்? செர்த்தையும் ஷித்தெத்லியையும் தமிழ் எங்கே பிரிக்கிறது?

ஒத்துக்கொள்கிறேன். பிரிக்கவில்லை. கடுங்காப்பியில் செர்த், கடும் மழையில் ஷித்தெத்லி, கடுஞ்சொல்லில் மறுபடி செர்த். ஆங்கிலம் ஐந்து சொல்லைக் கொட்டிக் குழப்பியது என்றால் தமிழ் ஒரே சொல்லால் மூடிவிடுகிறது. இரண்டிலும் அகராதி பார்ப்பவன் பாடு ஒன்றுதான். அந்தப் பெருமையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் வேறு ஓர் இடத்தில் பெருமையைக் காப்பாற்றுகிறேன், பாருங்கள்.

பிப்ரவரி 11, இரவு 11.50

துருக்கியில் ஒரு நிறத்தை அழுத்திச் சொல்ல ‘ரொம்ப’ தேவையில்லை. சொல்லின் தலையைக் கிள்ளி முன்னால் ஒட்டினால் போதும். யெஷில் பச்சை, யெம்யெஷில் பச்சைப்பசேல். பெயாஸ் வெள்ளை, பெம்பெயாஸ் வெள்ளைவெளேர். குர்முஸு சிவப்பு, குப்குர்முஸு செக்கச்செவேல். கரா கருப்பு (ஒலி ஒற்றுமை தற்செயல், யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்), கப்கரா கன்னங்கரேல்.

நிறத்தோடு நிற்கவில்லை. யெனி புதுசு, யெப்யெனி புத்தம்புதுசு. யால்னுஸ் தனி, யபயால்னுஸ் தன்னந்தனி. அச்சுக் வெளிப்படை, அபச்சுக் வெட்டவெளிச்சம். எனக்குப் பிடித்தது இது: குந்துஸ் பகல், ‘குபெகுந்துஸ்’ பட்டப்பகல். அங்கேயும் திருடன் வருவது குபெகுந்துஸில்தான்.

இதற்கு ஆங்கிலத்தில் போய் நின்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும். பகலுக்கு ப்ராட், புதுசுக்கு ப்ராண்ட், கருப்புக்கு பிட்ச், அம்மணத்துக்கு ஸ்டார்க். பகல் ஏன் அகலம், கருப்பு ஏன் தார்? அவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. தமிழனுக்கும் துருக்கியனுக்கும் மட்டும் காதே சொல்லிவிடும்.

‘கத்து’ என்றால் கெட்டி, இறுகியது. திடப்பொருள், முற்ற வெந்த முட்டை, இரக்கமற்ற நெஞ்சு எல்லாம் கத்து. விறைத்துப்போனால் ‘கஸ்கத்து’. சாயப் பிரிவில் காய வைத்த துண்டு சில நாள் அப்பளம் மாதிரி வரும். மேற்பார்வையாளர் அதைத் தரையில் நிற்க வைத்துக் காட்டிக் ‘கஸ்கத்து!’ என்று கத்துவார். தமிழிலும் கத்து, துருக்கியிலும் கத்து.

பிப்ரவரி 12, காலை 7.05

காது சொல்லிவிடும் என்று எழுதியது கொஞ்சம் மிகை. நடுவில் ஒட்டும் மெய் ம், ப், ர், ஸ் என்ற நான்கில் ஒன்று. எது என்பதற்குத் திட்டவட்டமான விதி கிடையாது. நீலம் மாவி, அதற்கு மஸ்மாவி. சுத்தம் தெமிஸ், அதற்குத் தெர்தெமிஸ். நான் ‘தெம்தெமிஸ்’ என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பிறந்தவன் காதுக்குத்தான் தெரியும், வந்தவன் காதுக்கு இல்லை. நம் ‘கன்னங்கரேல்’ ஏன் ‘கப்பக்கரேல்’ இல்லை என்று ஒரு துருக்கியர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நீலத்துக்கு நம்மிடம் இப்படி ஒன்று இருக்கிறதா? யோசித்துப் பார்த்தேன், வாயில் வரவில்லை. அவர்களிடம் ஊதாவுக்குக்கூட உண்டு: மொஸ்மோர். அடிபட்ட கண்ணுக்குச் சொல்வது.

பிப்ரவரி 15, மாலை 6.30

‘ஆவுர்’ விட்டுப்போனது. கனம். நடுவில் ஓர் எழுத்து இருக்கிறது, சத்தம் போடாது, அதற்குப் பெயரே ‘மென்மையான கெ’.

ஆவுர் நோயாளி, ஆவுர் வாசனை, ஆவுர் வார்த்தை. பெருங்குற்றங்களை விசாரிக்கிற நீதிமன்றத்துக்கு ‘ஆவுர் ஜெஸா’ என்று பெயர், கனத்த தண்டனை. மரண தண்டனையை 2004இல் முழுசாக எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் இருப்பது ‘கனமாக்கப்பட்ட’ ஆயுள் தண்டனை.

ஆனால் மனிதனிடம் கனம் என்பது அங்கே நல்ல குணம். ‘ஆவுர்பாஷ்லு’, எழுத்துக்கு எழுத்து ‘தலை கனத்தவன்’, நிதானமானவன், பண்பாளன் என்று பொருள். என்னைப் பற்றி ஒரு பெரியவர் அப்படிச் சொன்னபோது இரண்டு நாள் மனசே சரியில்லை. நாம் என்ன தலைக்கனம் காட்டினோம் என்று. ஆங்கில அகராதி அதற்கு டிக்னிஃபைட் என்கிறது. இந்த ஒரு தடவை தமிழ் வழி போனதால் கெட்டேன்.

பிப்ரவரி 18, இரவு 9.15

‘யாவுஸ்’ என்ற பட்டப்பெயர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்போல.

1512 முதல் 1520 வரை ஆண்ட ஒட்டோமான் சுல்தான் முதலாம் சலீம். எட்டே வருடத்தில் சால்துரான் போரில் பாரசீக மன்னர் ஷா இஸ்மாயிலை வென்று, சிரியா, எகிப்து எல்லாம் பிடித்தவர். துருக்கியர் அவரை ‘யாவுஸ்’ சலீம் என்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘சலீம் தி க்ரிம்’. க்ரிம் என்றதும் எனக்கு இழவு வீட்டு முகம்தான் தோன்றுகிறது. துருக்கியில் யாவுஸ் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். 1914இல் ஜெர்மனியிடமிருந்து வந்த போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். 2016இல் திறந்த மூன்றாவது போஸ்ஃபரஸ் பாலத்துக்கும் வைத்தார்கள். அலெவிகளுக்கு, அதாவது அங்குள்ள ஒரு சிறுபான்மைச் சமயப் பிரிவினருக்கு, அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சலீம் காலத்தில் தங்கள் முன்னோர் கொன்று குவிக்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அவர்கள் காதில் யாவுஸ் என்பது கொடியவன்தான்.

இதில் வேடிக்கை, பழந்துருக்கியில் அந்தச் சொல்லுக்குக் கெட்டது என்றே பொருள். பிறகு முரட்டுத்தனம், பிறகு அஞ்சாமை. பழைய பொருள் ஒரு பழமொழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: யாவுஸ் திருடன் வீட்டுக்காரனையே அடக்கிவிடுவான்.

க்ரிம் வேண்டாம். நம்மிடம் சரியான சொல் இருக்கிறது. சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதன், களப்பிரரை விரட்டிய பாண்டியன் கடுங்கோன். அந்தக் கடு யாரையும் முகம் சுளிக்க வைக்கவில்லை, புகழ்ச்சிதான். ‘சலீம் கடுங்கோ’ என்று எழுதிவிடலாம். சுந்தரர் இன்னும் ஒரு படி மேல்: இறைவனிடமே வன்மையாக வழக்காடியதால் வன்தொண்டர் ஆனார். அதைப் போய் ‘க்ரிம் டிவோட்டி’ என்று யாராவது பெயர்ப்பார்களா?

பிப்ரவரி 18, இரவு 9.32

பெயர்த்திருப்பார்கள். பதில் போட வேண்டாம்.

பிப்ரவரி 20, காலை 8.40

ஒரு சின்னச் சொல், ‘பெக்’. இன்றைக்கு ‘மிக’ என்று பொருள். ஆதியில் இறுகியது, உறுதியானது. பழைய பொருள் இன்னும் மூலை முடுக்கில் கிடக்கிறது. கண் பெக் என்றால் துணிச்சல்காரன், வாய் பெக் என்றால் ரகசியம் காப்பவன். மேலே சொன்ன பச்சைப்பசேல் இலக்கணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெகிஷ்திர்மெ’, இறுக்குதல். ‘பெக்லிக்’ என்றால் மலச்சிக்கல். மருந்துக் கடையில் ‘பெக்லிக்’ என்ற அட்டையைப் பார்த்துச் சத்து மாத்திரை என்று வாங்கிவந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நண்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம் மிகுதியாக மாறுவது நமக்கும் வழக்கம். கடு என்பதே அப்படித்தானே. பயமும் அப்படித்தான் மாறும். ‘முத்ஹிஷ்’ என்றால் ஒரு காலத்தில் திகிலூட்டுவது, இன்று ‘பிரமாதம்’. என் மகள் படம் பார்த்துவிட்டு வந்து ‘பயங்கரமா இருந்துச்சுப்பா’ என்றாள். பேய்ப் படமா என்று கேட்டேன். காதல் படமாம்.

பிப்ரவரி 22, மதியம் 2.15

தேநீருக்குச் செர்த் சொல்லலாமா என்று கேட்டவருக்கு: காப்பிக்குச் சொல்வார்கள், டீக்கு நான் கேட்டதில்லை. டீ ‘கொயு’ அல்லது ‘தெம்லி’. கொயு என்றால் அடர் நிறம், கெட்டி. லேசான டீ ‘அச்சுக்’. சரியான பதத்தில் சிவந்திருந்தால் ‘தவ்ஷான் கானு’, முயல் ரத்தம். கொயு டீ, கொயு பச்சை, கொயு அரட்டை, கொயு ஃபெனர்பாஹ்சே (கால்பந்து அணி) ரசிகன். ஊறி ஊறி நிறம் ஏறிய ரசிகன்.

காரமான வினிகருக்கு ‘கெஸ்கின்’, அதாவது கூர்மை. ‘கெஸ்கின் வினிகர் தன் ஜாடிக்கே கேடு.’ கோபக்காரனுக்குச் சொல்வது. எங்கள் மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் அடிக்கடி சொல்லப்பட்டது.

பிப்ரவரி 24, இரவு 10.30

கேள்வி கேட்ட தம்பி ஒருவழியாக வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவரும் துண்டுத் தொழில்தானாம்! தெனிஸ்லியிலிருந்து ஒரு வாங்குபவர் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி: ‘வாடிக்கையாளர் செர்த் என்று கண்டார்.’ இயந்திரம் ‘ஹார்ஷ்’ என்று கொடுத்திருக்கிறது. நம் ஆட்கள் யாரோ போனில் கடுமையாகப் பேசிவிட்டார்கள் என்று நினைத்து, இவர் யார் பேசியது என்று அலுவலகத்தையே விசாரித்து, முதலாளி கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதமும் அனுப்பியாயிற்று. அதற்குப் பதில் வராததால்தான் ‘கொஞ்சம் அவசரம்’.

தம்பி, துண்டு செர்த். தொட்டால் சொரசொரப்பு. அங்கே அதை ‘செர்த் துஷெ’ என்பார்கள், துஷெ என்றால் கைக்கு எப்படி இருக்கிறது என்பது. அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் உங்கள் சாயப்பட்டறைத் தண்ணீரைப் பாருங்கள். ‘செர்த் சு’, கடின நீர், சுண்ணாம்பு ஏறிய தண்ணீர். அதில் அலசினால் துண்டும் செர்த் ஆகும். தெனிஸ்லிக்காரரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலிருந்து 20 கிலோமீட்டரில் பாமுக்கலே, சுண்ணாம்புத் தண்ணீர் ஊறி ஊறி மலையே வெள்ளைவெளேர் என்று நிற்கும். பெயருக்கு அர்த்தம் பஞ்சுக் கோட்டை. பஞ்சு மாதிரி தெரியும், தொட்டால் கல்.

தண்ணீர் சரி என்றால் சாஃப்ட்னரைக் கூட்டுங்கள். ஆனால் சாதாரண சிலிக்கானைக் கொட்டிவிடாதீர்கள், துண்டு வழவழவென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. அடுத்த கடிதம் ஷித்தெத்லியாக வரும். ஹைட்ரோஃபிலிக், அதாவது தண்ணீரை ஈர்க்கும் வகை கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரி 25, காலை 6.50

மன்னிப்புக் கடிதத்தை இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார். ஒன்றும் செய்ய வேண்டாம். துண்டு சொரசொரவென்று இருந்ததற்கு முதலாளியே கையெழுத்துப் போட்டு வருந்தியிருக்கிறார் என்று அங்கே ஆவுர்பாஷ்லு பட்டம் கிடைத்திருக்கும். மாதிரித் துண்டு இரண்டு அனுப்பி, ‘யுமுஷாஜுக்’ என்று ஒரு சீட்டு வையுங்கள். பஞ்சு மாதிரி மென்மை என்று பொருள்.